வீட்டையே பள்ளிக்கூடமாக்கிய அடிகளார்
புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் வாழ்வு மலையகப் பெற்றோருக்குச் சொல்லும் செய்தி

உங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குக் குருவானவர் மாதத்தில் எத்தனை முறை வருகிறார்? ஒரு முறையா, இரு முறையா? மழைக்காலத்தில் மலைப்பாதை சரிந்துவிட்டால் அதுவும் இல்லாமற் போய்விடும். மற்ற நாட்களில் உங்கள் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடவும், செபம் சொல்லவும், நல்லது கெட்டது அறியவும் கற்றுக்கொடுப்பவர் யார்? விடிந்ததும் பெரட்டுக்குப் போய், நாள் முழுதும் கொழுந்தெடுத்து, மாலையில் காம்பராவுக்குத் திரும்பி அடுப்பு மூட்டும் தாயார்தான் அதையும் செய்கிறார்.

அந்தத் தாயாரின் உள்ளத்தில் மூன்று கேள்விகள் உண்டு. நான் அதிகம் படிக்காதவள், என்னால் கற்பிக்க முடியுமா? எதைக் கற்பிப்பது, எந்தப் புத்தகத்தை வைத்துக் கற்பிப்பது? சோர்ந்து போகும்போது எனக்கு உற்சாகம் தருபவர் யார்?

இதே கேள்விகள் கடல் கடந்து சென்ற மறைபரப்பாளரின் உள்ளத்திலும் எழுகின்றன. பிழைப்புக்காக வெளிநாடு சென்று, தமிழில் மறைக்கல்வி வகுப்பே இல்லாத ஊரில் பிள்ளை வளர்க்கும் நம்மவர் வீடுகளிலும் எழுகின்றன. இவை புதிய கேள்விகள் அல்ல. 300 ஆண்டுகளுக்கு முன் இதே மத்திய மலைநாட்டின் தலைநகரான கண்டியில் வாழ்ந்து மரித்த ஒருவர், இவற்றுக்குத் தம் வாழ்வாலேயே விடை தந்திருக்கிறார். அவர்தான் புனித யோசேவ் வாஸ் அடிகளார்.

கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியர்

யோசேவ் வாஸ் 1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில், தம் தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தந்தையாரின் ஊர் சங்குவாலே. வீட்டில் பேசிய மொழி கொங்கணி. ஊர்ப் பள்ளியில் போர்த்துக்கேய மொழியையும், பின்னர் இலத்தீனையும் கற்றார். கோவா நகரில் இயேசு சபையாரின் புனித பவுல் கல்லூரியில் இலக்கியமும், தொமினிக்கன் சபையாரிடம் மெய்யியலும் இறையியலும் பயின்று 1676இல் குருவானார்.

குருவானதும் அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். சங்குவாலேயில் ஓர் இலத்தீன் பள்ளியைத் தொடங்கினார். குருத்துவத்துக்கு விரும்பிய இளைஞரை அங்கே தயார் செய்தார். அக்காலத்துக் கல்வியின் ஒழுங்கெல்லாம் அவருக்குத் தெரியும். எந்த வயதில் எந்த இலக்கணம், எந்த ஆண்டில் எந்த நூல் என்று வகுத்து வைத்த பாடத்திட்டம் அவர் கையில் இருந்தது. கட்டடமும் இருந்தது, மாணவரும் இருந்தனர்.

ஆயினும் இலங்கையில் மந்தை மேய்ப்பரின்றித் தவிக்கிறது என்ற செய்தி அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1681 தொடக்கம் 1684 வரை கன்னட நாட்டில் பணி செய்து திரும்பியவர், 1685இல் கோவாவில் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த ஒரத்தோரியன் குழுவில் சேர்ந்து அதன் தலைவரானார். தலைமைப் பதவியில் நிலைத்திருக்க அவருக்கு மனமில்லை. அடுத்த ஆண்டே யோவான் என்னும் பணியாளனை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டார். மேற்குக் கரை வழியாக நடந்து தூத்துக்குடியை அடைந்து, 1687இல் கூலியாளின் கோலத்தில் படகேறி இலங்கை வந்து சேர்ந்தார்.

குருக்களற்ற முப்பது ஆண்டுகள்

அவர் வந்த நாட்டின் நிலை என்ன? ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியிருந்தனர். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். ஒரு குருவுக்குத் தம் வீட்டில் இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் காலத்துக் கோவில்கள் பல ஒல்லாந்தரின் பள்ளிக்கூடங்களாயின. பிள்ளைகள் அங்கே சென்று கல்வினிய மதபோதனையை மனனஞ் செய்தாக வேண்டும். செல்லாவிட்டால் பெற்றோருக்குத் தண்டப்பணம். ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளியின் தோம்பிலே பதியப்பட்டன. பெயர் தோம்பில் ஏறாவிட்டால் பிறந்ததற்கும் மணந்ததற்கும் அத்தாட்சி இல்லை, சொத்துரிமைக்கும் இடையூறு. புரட்டஸ்தாந்து சகோதரரோடு தோழமையாய் வாழும் இந்நாளில் அக்காலத்துக் கசப்பை நாம் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைய பெற்றோரின் நெருக்கடியை மறக்கவும் கூடாது.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பகலில் பிள்ளை பள்ளிக்குப் போகும், சொல்லிக்கொடுத்ததை ஒப்புவிக்கும். இரவில் கதவைச் சாத்திய பின், தாயும் பாட்டியும் தாங்கள் சிறுவயதில் கேட்ட செபங்களை மெல்லிய குரலில் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். புத்தகம் கிடையாது. வைத்திருந்தாலும் ஆபத்து. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், ஒரு தலைமுறைக் காலம், விசுவாசம் வீட்டுக்குள்ளேதான் உயிர் வாழ்ந்தது. ஆனால் ஞாபகத்தில் மட்டும் தங்கிய பாடம் தலைமுறைக்குத் தலைமுறை தேயும் அல்லவா? செபத்தில் ஒரு வரி மறந்து போகும், ஒரு கட்டளை விடுபட்டுப் போகும். இன்னும் ஒரு தலைமுறை கடந்திருந்தால் என்ன எஞ்சியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அந்த வேளையில்தான் அடிகளார் வந்தார்.

இரவிலே திறந்த பள்ளி

வந்தவுடனேயே கடுமையான வயிற்றுளைவு நோயில் விழுந்தார். வழிப்பயணத்தின் துன்பம் அப்படி. எழுந்து நடமாடத் தொடங்கியதும் பிச்சைக்காரரைப் போல் வீடுவீடாகச் சென்றார். கழுத்தில் ஒரு செபமாலை தொங்கும். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதோ, யார் மீண்டும் மீண்டும் உற்றுப் பார்க்கிறார்களோ, அவர்களே தம் மக்கள் என்று இனங்கண்டுகொண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்பு சில்லாலையில் தங்கி, பகலில் மறைந்திருந்து, இரவில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி ஒப்புக்கொடுத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஞானோபதேசம் கற்பித்தார்.

இங்கேதான் பழைய பள்ளி ஆசிரியர் ஒரு பாடத்தைத் தாமே கற்றுக்கொண்டார் எனலாம். சங்குவாலேயின் இலத்தீன் பாடத்திட்டம் சில்லாலையில் எதற்கு உதவும்? பகலில் வகுப்பு நடத்த முடியாது. ஓர் இரவு வந்தவர் அடுத்த இரவு எங்கே இருப்பார் என்று தெரியாது. ஆகவே அவர் போன பின்னும் பாடம் நடக்க வழி வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் எற்கெனவே ஓர் ஆசிரியை இருக்கிறாள் என்பதை அவர் கண்டார். அவளுக்குத் தேவையானவை மூன்றே. மறந்து போனதைத் திருத்திக் கொடுக்க ஒருவர், அவள் பேசும் மொழியிலே ஒழுங்கான பாடம், அவ்வப்போது வந்து தட்டிக்கொடுக்க ஒரு கை. கொங்கணி பேசி வளர்ந்த அவர், தமிழில் செபிக்கவும் போதிக்கவும் பழகினார். நாற்பதை நெருங்கும் வயதில் அயல்மொழி கற்பது எளிதன்று. கற்றார்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின் ஒல்லாந்தருக்குச் செய்தி எட்டியது. கத்தோலிக்க வீடுகள் சோதனையிடப்பட்டன. விசுவாசிகள் பலர் பிடிபட்டுத் துன்புறுத்தப்பட்டனர். அடிகளாரைக் காட்டிக்கொடுத்தார்களில்லை. அவர் 1690இல் கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்குச் சென்று, அங்கிருந்து 1692இல் கண்டியை நோக்கி மலையேறினார்.

சிறையே கல்விக்கூடம்

கண்டியில் வரவேற்பு எப்படி இருந்தது? போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று ஒருவர் குற்றஞ்சாட்ட, மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் காவலர் அவரைச் சிறைப்படுத்தினர். தப்பியோட முயலாதவரை காவலர் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. அடிகளார் இந்த ஓய்வை எப்படிப் பயன்படுத்தினார் தெரியுமா? சிங்களம் கற்றார். காவல் வளவுக்குள்ளேயே ஓலைக்குடிசையொன்றைச் சிற்றாலயமாக அமைத்துக்கொண்டார். உடனிருந்த கைதிகளே அவருடைய முதல் மாணவர் ஆயினர். இடமில்லை, வசதியில்லை, காலம் கனியவில்லை என்று நாம் ஒத்திப்போடுகிறோமே, அவர் ஒத்திப்போடவில்லை.

1693இல் நாட்டில் கடும் வறட்சி. அடிகளார் வெளியே வந்து பீடம் அமைத்துச் செபிக்க மழை பெய்தது என்றும், அதன் பின் மன்னர் அவரை அன்போடு நடத்தினார் என்றும் வரலாறு கூறுகிறது. ஒரு பௌத்த மன்னர் அந்நியரான ஒரு கத்தோலிக்கக் குருவுக்குத் தம் நாட்டிலே நடமாடவும் போதிக்கவும் இடந்தந்தார். நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி இது.

இதற்கிடையில் அவருடைய தனிமையை நினைத்துப் பாருங்கள். 1687 முதல் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இந்தத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. தம் பாவத்தை அறிக்கையிடவும் இன்னொரு குரு இல்லை. கோவாவிலிருந்த தம் சகோதரருக்குக் கடிதங்கள் எழுதினார். அவை பகைவர் கண்ணில் படாமல் போய்ச்சேர்ந்து பதில் வர நெடுங்காலம் செல்லும். அத்தனை ஆண்டும் அவருக்கு உற்சாகம் தந்தவர்கள் யார்? இரவில் விளக்கைத் தாழ்த்தி வைத்துக் காத்திருந்த ஏழைக் குடும்பங்கள்தான். அவர் அவர்களைத் தேற்றினார், அவர்கள் அவரைத் தேற்றினர்.

1697இல் கோவாவிலிருந்து உதவிக்குக் குருக்கள் வந்தனர். அவர்களுள் ஒருவர் அவருடைய மருமகன் யோசேப் கார்வாலோ. கொச்சி ஆயர் அடிகளாரை இலங்கைக்குத் தம் பதிற்குருவாக நியமித்த செய்தியையும் கொண்டுவந்தனர். அதே ஆண்டில் கண்டியில் அம்மை நோய் பரவியது. நோயாளரை உறவினரே காட்டில் விட்டு ஓடினர். மாமனும் மருமகனும் அவர்களைத் தேடிச் சென்று கஞ்சி ஊட்டினர், புண் கழுவினர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். புத்தகத்தில் எழுத முடியாத பாடம் ஒன்றைக் கண்டி நகரம் அந்நாளில் கண்ணாலே படித்தது.

தக்க பாடநூல் கிடைத்தது

குருக்கள் தொகை சற்றுக் கூடியதும் அடிகளார் நாட்டை எட்டுப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு குருவிடம் ஒப்படைத்தார். ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் என்று பொதுநிலையினரை ஏற்படுத்தினார்கள். குரு வராத நாளில் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பது, மரிப்போரின் அருகிருப்பது அவர்களின் கடமை. அண்ணாவியார் என்றால் ஆசிரியர் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ஆனால் இவர்களுக்கு எந்த நூலைக் கொடுப்பது? ஐரோப்பிய நூல்கள் இம்மக்களின் வாழ்வோடு ஒட்டவில்லை. இந்நாட்டில் சிங்களத்திலும் தமிழிலும் உயர்ந்த இலக்கிய மரபு இருந்தது. விகாரைகளில் ஏடுகள் நிறைந்திருந்தன. அவற்றுக்கு ஈடான நடையில், மக்கள் விரும்பிக் கேட்கும் ஓசையில் நூல்கள் வேண்டும் என்று அடிகளார் கருதினார். அதற்கு ஏற்றவர் 1705இல் வந்து சேர்ந்தார். கோவாவின் திவார் தீவில் 1676இல் பிறந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமிகளே அவர். அவரைப் பௌத்த அறிஞரிடம் அனுப்பிச் சிங்களத்தை முறையாகக் கற்கச் செய்தார் அடிகளார். தமிழிலும் அவர் புலமை பெற்றார்.

சுவாமிகள் எழுதிய நூல்களைப் பாருங்கள். வேதாகம வரலாறுகளைக் கதைபோல் சொல்ல ஒரு நூல், ஞாயிறு திருநாட்களில் குரு இல்லாவிடினும் வாசிக்க நற்செய்திப் பகுதிகள், தபசு காலத்தில் ஊர் கூடிப் பாட ஒரு நூல், மொழி கற்க அகராதிகள். வயதுக்கும் வேளைக்கும் ஏற்ப அமைந்த முழுப் பாடத்திட்டமே அது. தபசு காலத்தில் நம் தமிழ்ப் பங்குகளில் ஒலிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததே. அச்சகம் அவர்களிடம் இல்லை. எழுத்தரைக் கொண்டு ஓலையில் படியெடுத்து ஊருக்கு ஊர் அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கேட்டே மனனஞ் செய்தனர். ஞாபகத்தில் தேய்ந்துகொண்டிருந்த பாடத்துக்கு ஓலையிலே நிலையான இடம் கிடைத்தது.

ஆயர் பதவி தம்மைத் தேடி வந்தபோது அடிகளார் அதை ஏற்கவில்லை. இறுதி நாள்வரை நடந்தே மக்களைச் சந்தித்தார். உடல் முற்றாகத் தளர்ந்து, 1711 ஜனவரி 16இல் கண்டியில் காலமானார். அவர் மறைந்தபோது இந்நாட்டில் சுமார் 70,000 கத்தோலிக்கர் இருந்தனர் என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு. அவரை அடக்கஞ் செய்த ஆலயம் பின்னர் அழிந்தது. கல்லறை இருந்த இடமும் இன்று அடையாளம் தெரியவில்லை. கொன்சால்வேஸ் சுவாமிகள் 1742வரை எழுதிக்கொண்டேயிருந்து போலவத்தையில் உயிர் நீத்தார். 1995 ஜனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், வாஸ் அடிகளாரைக் கொழும்பில் அருளாளராகவும், 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதே காலிமுகத்திடலில் புனிதராகவும் பிரகடனப்படுத்தினார்கள்.

நம் லயத்துக்கு வருவோம்

அடிகளாரின் காலத்தில் அட்டன், நுவரெலியா மலைகளில் தேயிலை இல்லை, நம் மூதாதையரும் இல்லை. அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடப்பட்ட பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தார்கள். கத்தோலிக்கராய் வந்தவர்கள் தமிழகத்துக் கிராமத்திலிருந்து என்ன கொண்டுவந்தார்கள்? ஒரு செபமாலை, நெஞ்சில் பதிந்த சில செபங்கள், அந்தோனியார்மேல் ஒரு பக்தி. கோவிலும் தொலைவு, குருவும் தொலைவு. தோட்டப் பள்ளிக்கூடங்களோ நெடுங்காலம் ஓர் ஆசிரியரும் ஐந்து வகுப்புமாகவே இருந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். அதுவரை பல லயங்களில் எழுத்தறிந்த ஒருவர் இரவில் இஸ்தோப்பிலே விளக்கேற்றிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அரிச்சுவடியும் செபமும் சொல்லிக்கொடுத்தார். அவர்களே நம் அண்ணாவியார்கள். அவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் உங்கள் தாத்தாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்களுள் ஒருவராய் இருக்கலாம்.

ஆகவே, தாயே, உங்கள் முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முப்பது ஆண்டுகள் திருச்சபையைத் தாங்கியவர்கள் படித்தவர்கள் அல்லர். சொல்லிக்கொடுக்க உங்களால் முடியும்.

எதைச் சொல்லிக்கொடுப்பது என்றால், அடிகளார் செய்த ஒழுங்கையே பின்பற்றுங்கள். பிள்ளையின் தாய்மொழியிலே சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்போர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பள்ளியில் எந்த மொழி படித்தாலும் வீட்டுச் செபம் தமிழில் இருக்கட்டும். சிறு பிள்ளைக்கு முதலில் கதை சொல்லுங்கள், பிறகு செபம், அதன் பின் விளக்கம். ஞாயிறன்று குருவானவர் வராவிட்டால் அந்நாளின் நற்செய்தியை வீட்டில் எழுத்தறிந்த பிள்ளையே உரக்க வாசிக்கட்டும். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும், நாள் தவறாமல் இருந்தால்! அம்மை நோய்க்காலத்தை மறவாதீர்கள். அடுத்த காம்பராவில் நோயாளி இருக்கும்போது கஞ்சி கொண்டுபோகும் கையைப் பிள்ளை பார்க்கட்டும். அதைவிடத் தெளிவான பாடநூல் வேறில்லை.

உற்சாகம் எங்கிருந்து வரும்? தனித்து நின்றால் சோர்வு வரும் என்பதை அடிகளாரும் அறிந்திருந்தார். அதனால்தான் கடிதம் எழுதினார், துணை கேட்டார், ஊர்தோறும் அண்ணாவியாரை ஏற்படுத்தினார். உங்கள் லயத்திலேயே இன்னும் இரண்டு வீடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் உங்கள் வீட்டில், மறுவாரம் அடுத்த வீட்டில் பிள்ளைகள் கூடட்டும். குருவானவர் வரும் நாளில் பிள்ளைகள் கற்றதை அவர் முன்னிலையில் ஒப்புவிக்கச் செய்யுங்கள். கடல் கடந்து பணி செய்யும் உங்கள் மகளுக்கோ சகோதரிக்கோ இன்றிரவே ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசுங்கள். அந்த இரண்டு வார்த்தைக்காகவே அவள் அங்கே ஒரு மாதம் காத்திருக்கக்கூடும்.

ஜனவரி 16 புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் திருநாள். அவருக்குக் கல்லறை இல்லை. பிள்ளையை மடியில் இருத்திச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு வீடும் அவருக்கு நினைவாலயந்தான். இன்று மாலை வேலை முடிந்து விளக்கேற்றும்போது, உங்கள் காம்பராவிலும் அந்தப் பள்ளிக்கூடம் திறக்கட்டும்.